கைக்கு ஒரு பள்ளிக்கூடம்

இலவசக் கல்வியும் இலவச மருத்துவமும் இந்நாட்டு மக்களின் இரு கண்கள் என்று மேடைகளிலே கேட்டும் பாடநூல்களிலே படித்தும் வளர்ந்தவர்கள் நாம். அது வெறும் புகழுரை அன்று. 1945ஆம் ஆண்டிற் கல்வி இலவசமாக்கப்படாதிருந்தால், கட்டுகஸ்தோட்டைக் கடைத்தெருவில் தையற்கடை வைத்திருக்கும் ஒருவரின் மகள் பேராதனைக் கலைப்பீடத்தின் மாணவியாக இருந்து இக்கட்டுரையை எழுதியிருக்க மாட்டாள். 1951ஆம் ஆண்டில் அரசாங்க வைத்தியசாலைகளிற் கட்டணம் நீக்கப்படாதிருந்தால், அத்தையற்காரர் இன்று உயிரோடு இருந்திருப்பாரா என்பதும் ஐயமே. இடையில், 1971ஆம் ஆண்டு வெளிநோயாளரிடம் 25 சதம் அறவிடும் முறை வந்தது. 1977இல் அதுவும் கைவிடப்பட்டது. இருபத்தைந்து சதத்தையும் நோயாளியின் தோளிலிருந்து இறக்கிவைத்த நாடு என்ற வகையில் நாம் பெருமை கொள்வதிற் பிழையில்லை.

ஆயினும் இலவசம் என்ற சொல்லினுள் அடங்காத விலைகளும் உண்டு. எந்தப் பற்றுச்சீட்டிலும் எழுதப்படாத அத்தகைய விலை ஒன்றைப் பற்றியே இங்கு கூற விழைகின்றேன். அது இயன்மருத்துவத்தின் விலை. வழக்கிலே நாம் 'பிசியோதெரப்பி' என்று சொல்கிறோமே, அதுதான்.

கண்டி நகருக்கு வடக்கே மகாவலி கங்கையின் கரையில் அமைந்தது கட்டுகஸ்தோட்டை. ஊர்ப்பெயரின் ஈற்றிலுள்ள 'தோட்டை' என்பது ஆற்றுத்துறையைக் குறிக்கும் சிங்களச் சொல்லின் தமிழ் வடிவம். ஓடத்துறைக்குப் பாலம் வந்த பின்னரும் ஊர் ஒரு துறையாகவே இருந்து வருகின்றது. மாத்தளைக்குச் செல்லும் வீதியும் குருநாகலுக்குச் செல்லும் வீதியும் இங்கேதான் பிரிகின்றன. கடந்து செல்வோர் பலர். இறங்கி நிற்போர் சிலர். அச்சிலரை நம்பியே அப்பாவின் கடை நடந்து வந்தது. பாடசாலைச் சீருடைகளே அவருடைய முதன்மையான தொழில். தவணை தொடங்கும் காலத்தில் நள்ளிரவு கடந்தும் இயந்திரத்தின் ஓசை கேட்கும். வெள்ளைத் துணியின் மேல் நீலச் சுண்ணக்கட்டியாற் கோடிழுத்து, ஒரே மூச்சில் வெட்டிச் செல்லும் அவருடைய வலக்கையை நான் சிறுவயதில் வியந்து பார்த்துக்கொண்டிருப்பேன்.

2022ஆம் ஆண்டு யூன் மாதத்தில் ஒரு நாட் காலை அக்கையிலிருந்து கத்தரிக்கோல் நழுவி விழுந்தது. அதை எடுக்கக் குனிந்தவரால் நிமிர முடியவில்லை. வாய் ஒருபுறம் கோணிற்று; சொற்கள் குழறின. அயற்கடைக்காரர் 1990 என்ற இலக்கத்திற்கு அழைக்க, சுவசெரிய அம்புலன்ஸ் வண்டி வந்தது. இந்தியாவின் உதவியோடு 2016இல் தொடங்கப்பட்ட அச்சேவை எவரிடமும் ஒரு சதமும் கேட்பதில்லை. பாரிசவாதம் என்றார்கள். வைத்தியசாலையில் அவர் இருந்த நாட்களில் வைத்தியரும் தாதியரும் ஆற்றிய பணியை நன்றியோடன்றி என்னால் நினைவுகூர முடியாது. நாட்டில் மருந்துத் தட்டுப்பாடு நிலவிய காலம் அது. அப்படியிருந்தும் உயிரைக் காத்துத் தந்தார்கள். வீடு திரும்பும் நாளில் ஒரு துண்டும் தந்தார்கள். வாரம் மூன்று நாட்கள் இயன்மருத்துவத்திற்கு வரவேண்டும் என்று அதில் எழுதியிருந்தது.

அத்துண்டின் பொருளை விளங்கிக்கொள்ள எங்களுக்குச் சில வாரங்கள் சென்றன. மூளையின் இடப்பாதியில் இரத்தவோட்டம் தடைப்படும்போது உடலின் வலப்பக்கம் செயலிழக்கின்றது. இறந்துபட்ட நரம்புக் கலங்கள் மீள உயிர்ப்பதில்லை. ஆயினும் எஞ்சியிருக்கும் பகுதிகள் தம்மிடையே புதிய தொடர்புகளை ஏற்படுத்திக்கொண்டு, இழந்த வேலையின் ஒரு பங்கையேனும் ஏற்றுக்கொள்ளும் ஆற்றல் படைத்தவை. ஆனால் அவை தாமாக அதனைச் செய்வதில்லை. ஒரே அசைவை நூறு முறை, ஆயிரம் முறை செய்விக்கும்போதே அது மூளையிற் பதிகின்றது. மீட்சியின் பெரும்பகுதி முதற் சில மாதங்களிலேயே நிகழ்ந்துவிடுவதால் காலமும் அளவானது. அசையாது கிடக்கும் மூட்டு இறுகும். தாங்குவாரின்றித் தொங்கும் கை தோளை இழுத்து வலியைத் தரும். எனவே நோயாளி செய்ய வேண்டியது, மீண்டும் அரிச்சுவடி தொடங்குவதே. அப்பா தமது ஐம்பத்து நான்காவது வயதில் விரலை விரிக்கவும் மடக்கவும், கிண்ணத்தைப் பற்றவும் விடவும் பாடங் கேட்கத் தொடங்கினார்.

பாடம் நடந்த இடமோ நகரத்து அரசாங்க வைத்தியசாலை. எங்கள் வீட்டிலிருந்து அது தொலைதூரமன்று. நலமுடைய ஒருவருக்குப் பஸ்வண்டியில் அரைமணிப் பயணம். வலக்காலை இழுத்து நடப்பவருக்கு அவ்வளவிற் கணக்கு முடிவதில்லை. வீட்டிலிருந்து பிரதான வீதிக்கு இறங்கும் படிகள் நாற்பத்தொன்று. பஸ்வண்டியின் மிதிபலகை முழங்கால் உயரம். மகியாவையைக் கடந்து நகரத்துக்குள் நுழையும் நெரிசலில் நின்றுகொண்டு செல்ல அவரால் இயலாது. ஆறு மணிக்குப் புறப்பட்டால் எட்டு மணிக்கு இலக்கம் கிடைக்கும். பத்து மணியளவில் முறை வரும். இருபது நிமிடச் சிகிச்சை. வீடு திரும்பும்போது உச்சிப்பொழுது கடந்துவிடும். இருபது நிமிடத்திற்கு ஆறரை மணித்தியாலம். அறை நிறைந்த நோயாளரிடையே மூச்சுவிட நேரமின்றி உழைத்த இயன்மருத்துவர்களை இதன் பொருட்டுக் குறை கூற முடியாது. அவர்கள் இரண்டு பேர். நாங்களோ வாங்கில்களை நிறைத்துச் சுவரோடும் சாய்ந்து நின்றோம்.

அவ்வாண்டின் நடுப்பகுதியில் எரிபொருள் வரிசைகள் வீதிகளை அடைத்துக்கொண்டு கிடந்ததை எவரும் மறந்திருக்க முடியாது. பஸ்வண்டிகள் அருகின. யூலை மாதத்தில் அறிமுகமான எரிபொருள் அனுமதி முறையின்படி முச்சக்கரவண்டி ஒன்றிற்கு முதலில் வழங்கப்பட்டது வாரத்திற்கு 5 லீற்றர் பெற்றோல். அதைக் கொண்டே சாரதி தன் குடும்பத்தையும் காக்க வேண்டியிருந்தது. எங்களை ஏற்றிச் சென்ற சாரதி அப்பாவிடம் பிள்ளைகளுக்குச் சீருடை தைப்பவர். அந்த உறவினால் வாரத்தில் ஒரு நாள் வருவதாக ஒப்புக்கொண்டார். மற்றைய நாட்களின் காலையில் அப்பா உடுத்தி ஆயத்தமாகித் திண்ணையில் அமர்ந்திருப்பார். "மகள், இன்றைக்குப் பஸ் ஓடுதாமா?" என்று கேட்பார். சிகிச்சை முற்றிலும் இலவசம். அச்சிகிச்சையைச் சென்றடைவதற்கு மட்டும் வழியில்லை.

உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருந்த காலம் அதுவாகையால், அப்பாவோடு செல்லும் பொறுப்பு என்னுடையதாயிற்று. அம்மா ஆசிரியை. அவருடைய சம்பளமே அப்போது வீட்டின் ஒரே வருவாய். லீவு எடுக்கும் ஒவ்வொரு நாளும் அவர் அதிபரின் முகத்தைப் பார்க்க வேண்டியிருந்தது. இந்நிலையில் அம்மாவுக்கு ஒரு யோசனை தோன்றிற்று. அரசாங்க ஊழியர் என்ற முறையில் 'அக்ரஹார' காப்புறுதிக்கென அவருடைய சம்பளத்தில் மாதந்தோறும் ஒரு தொகை கழிக்கப்பட்டு வந்தது. கணவரும் பிள்ளைகளும் அதன் பயனுக்கு உரியவர்கள். 2006ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியம் அதை நடத்தி வருகின்றது. இத்தனை ஆண்டுகளாகக் கொடுத்துவந்த காசுக்கு, வீட்டுக்கு அருகில் ஏதேனும் தனியார் சிகிச்சை நிலையம் அப்பாவை ஏற்காதா என்று அம்மா எண்ணியதில் நியாயமிருந்தது.

நான் ஓர் அப்பியாசக் கொப்பியை எடுத்துக்கொண்டு, கட்டுகஸ்தோட்டையிலும் கண்டியிலுமுள்ள நிலையங்களின் தொலைபேசி இலக்கங்களைத் திரட்டினேன். ஒரு வாரம் தொலைபேசியோடு கழிந்தது. கேள்வி ஒன்றே: "அக்ரஹார காப்புறுதியை ஏற்பீர்களா?" மறுமொழிகள் பலவாறாக இருந்தன. ஓரிடத்திலே கேள்வியே விளங்கவில்லை. இன்னோரிடத்தில், சில தனியார் கம்பனிகளின் காப்புறுதி அட்டையாயின் பார்க்கலாம் என்றார்கள். வேறோரிடத்தில், "காசைக் கட்டுங்கள், பில் தருகிறோம், பிறகு நீங்கள் எழுதிப் போட்டு எடுத்துக்கொள்ளுங்கள்" என்றார்கள். "ஆள் வைத்தியசாலையிலே படுத்திருந்தாரா, இல்லை வந்து போகிறாரா?" என்று அக்கறையோடு விசாரித்த முதிய குரல் ஒன்று, வந்து போகிறவர் என்று நான் சொன்னதும் பெருமூச்சு விட்டு, "அப்படியென்றால் அதை நம்பியிருக்காதே பிள்ளை" என்றது. ஓர் அமர்வுக்கு அவர்கள் கூறிய கட்டணம் அம்மாவின் ஒரு நாட் சம்பளத்தை விழுங்கிவிடக் கூடியது. வாரத்தில் மூன்று அமர்வு. கணக்குப் பார்த்த அம்மா கொப்பியை மூடி அலுமாரியில் வைத்தார்.

அப்போது எனக்கு அது எங்கள் குடும்பத்தின் துரதிர்ஷ்டமாக மட்டுமே தோன்றிற்று. பின்னர் சிந்தித்துப் பார்க்கையில், அந்த முதியவர் கேட்ட கேள்வியிலேயே விடயம் முழுவதும் அடங்கியிருப்பது விளங்கியது. படுத்திருந்தாரா, வந்து போகிறாரா? இத்தகைய காப்புறுதித் திட்டங்கள் நோயை ஒரு நிகழ்ச்சியாகக் கருதுகின்றன. வைத்தியசாலையிற் சேர்ந்த நாள் ஒன்று, வெளியேறிய நாள் ஒன்று, இடையிலே ஒரு சத்திரசிகிச்சை, ஈற்றில் ஒரு பற்றுச்சீட்டு என்ற வரையறை இருந்தாற்றான் காப்புறுதிக்குக் கணக்கு வைக்க இயலும். முதலில் நோயாளி தம் காசைச் செலவிட்டுப் பின்னர் மீளப் பெறுவது என்ற முறையும், என்றோ ஒரு நாள் வரும் பெருஞ்செலவுக்கே பொருந்தும். வாரம் மூன்று முறை, மாதக்கணக்காக, சிறுகச் சிறுகச் செல்லும் செலவுக்கு அது பொருந்துவதில்லை. மீளப் பெறுவதற்கு முதலிற் கொடுக்க வேண்டும். கொடுக்க இயலாதவருக்கு மீட்பும் இல்லை.

நமது இலவச வைத்தியசாலை முறையும் இவ்வகையில் வேறுபட்டதன்று என்றே தோன்றுகின்றது. அது கட்டணத்தை நீக்கிற்று. ஆனால் நோயாளி எத்தனை முறை வந்து போக வேண்டும் என்பதைக் கணக்கில் எடுக்கவில்லை. பிள்ளைப்பேற்றுக்கு ஒரு முறை, குடல்வால் அகற்ற ஒரு முறை நகரத்துக்குச் செல்வது எவருக்கும் இயலக்கூடியது. கடன் வாங்கியேனும் சென்றுவிடுவர். நாற்பது முறை செல்வது வேறு. பெருவைத்தியசாலையில் நிபுணரையும் கருவிகளையும் ஓரிடத்திற் குவித்து நோயாளரை அங்கே வரவழைப்பது சத்திரசிகிச்சைக்கு உகந்த ஏற்பாடு. இயன்மருத்துவத்தின் இயல்போ அதற்கு மறுதலையானது. அதற்கு வேண்டியது ஒரு பாய், ஒரு வாங்கு, பிடித்து நடக்க இரு சட்டங்கள், பயிற்சி பெற்ற ஒருவர், தவறாத நாட்கள்.

எனவே இயன்மருத்துவத்தை எதனோடு ஒப்பிடலாம் என்று என்னைக் கேட்டால், பள்ளிக்கூடத்தோடு என்பேன். இரண்டிலும் கற்பித்தல் உண்டு, மீட்டல் உண்டு, வீட்டுவேலை உண்டு, வராமற்போனாற் பாடம் பின்தங்கும். கல்வியை இலவசமாக்கிய கன்னங்கரா, நகரத்துக் கல்லூரிகளின் வாயிலைத் திறந்துவிட்டதோடு நின்றிருந்தால், மலையடிவாரத்துப் பிள்ளைகள் என்ன பயன் அடைந்திருப்பர்? மத்திய மகா வித்தியாலயங்கள் நகரங்களுக்கு அப்பாலும் எழுந்தமையினாலேயே இலவசம் என்ற சொல்லுக்கு உயிர் வந்தது. ஏழு வயதுப் பிள்ளையை நாள்தோறும் இருபது மைல் அனுப்பிப் படிப்பிக்க எந்த அரசும் எண்ணாது. நடக்க இயலாதவரை மட்டும் அவ்வாறு அனுப்பலாம் என்று எண்ணுகிறோம்.

உலகின் பிற பாகங்களில் இதனை எவ்வாறு கையாளுகின்றனர் என்று பார்ப்பதும் பயனுடையது. ஜேர்மனியில் 1883ஆம் ஆண்டு பிஸ்மார்க்கின் காலத்தில் தொழிலாளருக்கான நோய்க் காப்புறுதிச் சட்டம் பிறந்தது. இன்று அங்கே பொதுக் காப்புறுதியை ஏற்கும் இயன்மருத்துவ நிலையங்கள் ஊர்தோறும் உள்ளன. வைத்தியர் இத்தனை அமர்வு என்று எண்ணிக்கையிட்டே எழுதிக் கொடுக்கிறார்; நோயாளி செலவில் பத்திலொரு பங்கையும், ஒவ்வொரு சீட்டுக்கும் 10 யூரோவையும் செலுத்த, எஞ்சியதைக் காப்புறுதி நேரே நிலையத்துக்குச் செலுத்துகின்றது. குறைகள் அங்கும் இருக்கலாம். ஆயினும் அமர்வுகளை எண்ணத் தெரிந்த காப்புறுதி அது என்பதே நமக்கு முக்கியம்.

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் வாழும் என் சித்திக்கு முழங்கால் வலி கண்டபோது, அவரும் எங்களைப் போலவே ஒவ்வொரு நிலையமாகக் கேட்டுத் திரிந்தார். அங்கே 2013ஆம் ஆண்டு மாற்றியமைக்கப்பட்ட ஏற்பாட்டின்படி, அரசின் செலவில் இயன்மருத்துவம் பெறுவதற்கு 65 வயது நிரம்பியவராகவோ, 19 வயதுக்கு மேற்படாதவராகவோ, வைத்தியசாலையிலே தங்கிச் சிகிச்சை பெற்று அண்மையில் வெளியேறியவராகவோ, அரச உதவிப்பணம் பெறுபவராகவோ இருத்தல் வேண்டும். அதனை வழங்குவனவும் குறிப்பிட்ட நிலையங்களே. தொழிற்சாலையில் நின்று வேலை செய்து முழங்கால் தேய்ந்த ஐம்பது வயதுப் பெண் எவ்வகையிலும் அடங்கமாட்டார். செல்வமிக்க நாட்டிலும் உழைக்கும் வயதினரின் கைகால்கள் கணக்கேட்டின் இரு வரிகளுக்கிடையே விழுந்துவிடுகின்றன.

உலகெங்கும் ஏறத்தாழ 240 கோடி மக்கள் புனர்வாழ்வுச் சிகிச்சையாற் பயன்பெறக்கூடிய நிலையில் உள்ளனர் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது. நம் நாட்டில் இளம்பிள்ளைவாதம் ஒழிந்துவிட்டது. 1993இன் பின்னர் ஒருவரும் அதற்கு ஆளாகவில்லை. அது பெரும் வெற்றி. ஆனால் முதுமையும் நீரிழிவும் இரத்த அழுத்தமும் வீதி விபத்துகளும் அந்த வாங்கில்களை வெறுமையாக விடவில்லை. அவற்றில் அமர்ந்திருந்தவர்களுள் ஒருவரைப் பற்றி இங்கு கூறாதுவிட முடியாது.

கலஹாப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து வந்த ஓர் அம்மா அவர். மழைநாளில் மலைச்சரிவில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்திருந்தது. எலும்பு பொருந்திவிட்டது, விரல்கள் மடங்கவில்லை. கொழுந்து பறிப்பவருக்கு விரல் மடங்காவிட்டால் வேறென்ன இருக்கின்றது? தோட்டத்திலே ஒரு நாள் வேலையைப் 'பேர்' என்பார்கள். வேலைக்குச் சென்றாற் பேர் விழும், செல்லாவிட்டால் இல்லை. அவருக்குத் துணையாக மருமகள் வருவதால், ஒவ்வொரு சிகிச்சை நாளிலும் அவ்வீட்டில் மருமகளின் பேரும் போயிற்று. இயன்மருத்துவர் கனிவானவர், ஆனால் அவருக்குத் தமிழ் தெரியாது. அந்த அம்மாவுக்குச் சிங்களம் சில சொற்களே தெரியும். கையைத் திருப்பச் சொன்னால் உயர்த்துவார். உயர்த்தச் சொன்னாற் சிரிப்பார். அடுத்த வாங்கிலிருந்த அப்பா, குழறும் தம் நாவினால் ஒவ்வொன்றையும் மொழிபெயர்த்துச் சொன்னார். கடைத்தெருவில் முப்பது ஆண்டுகள் இரு மொழியிலும் அளவெடுத்தவர் அல்லவா? நாவுக்கு அது நல்ல பயிற்சி என்று இயன்மருத்துவரும் ஊக்குவித்தார். இரண்டு வாரங்கள் இவ்வாறு நடந்தன. மூன்றாவது வாரம் அந்த அம்மா வரவில்லை. அதன் பின்னரும் வரவில்லை. அவருடைய இலக்கத்தைக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு அடுத்த இலக்கத்தைக் கூப்பிட்டார்கள். சிகிச்சையைக் கைவிட்டவர் என்று எங்கோ ஓர் ஏட்டில் அவர் பெயருக்கு எதிரே எழுதப்பட்டிருக்கலாம். அவரா கைவிட்டார்?

எங்கள் நிலை அவ்வளவு மோசமன்று. ஓர் இளம் இயன்மருத்துவர், நாங்கள் வரும் நாட்கள் குறைவதைக் கண்டு, எனக்கே பாடஞ் சொல்லித் தந்தார். எந்த மூட்டை எங்கே தாங்கிப் பிடிப்பது, எவ்வளவு வலி வரும்வரை அசைப்பது, எதை ஒருபோதும் செய்யலாகாது என்பனவற்றை ஒரு தாளிற் கோட்டுப் படங்களாக வரைந்து தந்தார். "இங்கே இருபது நிமிடம், மீதி நேரமெல்லாம் வீட்டிலே" என்று அவர் சொன்னதை நாங்கள் வேதவாக்காகக் கொண்டோம். அப்பாவின் கடைப்பொருட்களே உபகரணங்களாயின. தட்டில் இட்ட சட்டைப் பொத்தான்களை ஒவ்வொன்றாக எடுத்துப் போத்தலில் இடுவது ஒரு பயிற்சி. அளவு நாடாவைச் சுருட்டுவது இன்னொன்று. பழைய துணியில் சுண்ணக்கட்டியாற் கோடிழுப்பது மூன்றாவது. முதற் கோடு பாம்புபோல் நெளிந்தது. அதைப் பார்த்து அவர் அன்று உணவு உண்ணவில்லை.

இன்று அப்பா ஊன்றுகோலின்றி நடக்கிறார். கடையையும் திறந்து வைத்திருக்கிறார். அளவெடுப்பதும் கோடிழுப்பதும் அவர். வெட்டுவதும் தைப்பதும் உதவிக்கு அமர்த்திய இளைஞர். பெருவிரலும் சுட்டுவிரலும் ஓரளவு மீண்டன. மற்றைய மூன்றும் மீளவில்லை. வாரம் மூன்று முறை தவறாது சென்றிருந்தால் அவையும் மீண்டிருக்குமா? எந்த வைத்தியரும் அதற்கு உறுதியாக விடை கூற இயலாது. மீண்டிருக்கலாம், மீளாமலும் இருந்திருக்கலாம். இவ்விழப்பின் கொடுமையே அதுதான். மருந்தின்றி ஒருவர் இறந்தால் நாடு கேள்வி கேட்கும். பாடம் தவறியமையால் மூன்று விரல்கள் மடங்காது போனால், அது எந்தப் புள்ளிவிபரத்திலும் ஏறாது.

பரிகாரம் இல்லாத விடயமன்று இது. பாக்குநீரிணைக்கு அப்பால், தமிழ்நாட்டில் 2021ஆம் ஆண்டு ஓகஸ்ட் 5ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற திட்டம் தொடங்கப்பட்டது. நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மருந்துகளை வீட்டுக்கே கொண்டுசெல்லும் அத்திட்டத்தில், இயன்மருத்துவரும் வீடு தேடி வருகின்றார். அம்மாநிலத்திற் பெரிய சத்திரசிகிச்சைகளுக்கெனக் காப்பீட்டுத் திட்டம் முன்னரே இருந்து வருகின்றது. அது இருந்தும், வீட்டுத் திண்ணைக்கு ஒருவரை அனுப்பும் தேவை உணரப்பட்டது என்பதே கவனிக்கத்தக்கது. காப்பீடும் திண்ணையும் ஒன்றுக்கொன்று மாற்றீடல்ல.

நம் நாட்டில் என்ன செய்யலாம்? கண்டி மாவட்டத்தைப் பொறுத்தவரை நாம் வறியவர்களல்லர். கண்டியிலும் பேராதனையிலும் பெருவைத்தியசாலைகள் உள்ளன. திகனையிலே புனர்வாழ்வுக்கென்றே ஒரு வைத்தியசாலை உள்ளது. நமது பல்கலைக்கழகத்தின் இணைச் சுகாதார விஞ்ஞான பீடம் இயன்மருத்துவப் பட்டதாரிகளை உருவாக்கி வருகின்றது. ஆளும் உண்டு, அறிவும் உண்டு, இல்லாதது அண்மை. சிறு பிரதேச வைத்தியசாலைகள் யாவற்றிலும் இயன்மருத்துவர் இருப்பதில்லை. வாரத்தில் இரண்டு நாட்களுக்கேனும் ஒருவர் அங்கே சென்று அமர்ந்தால், நாற்பது நோயாளர் நகரத்துக்குச் செல்வதற்குப் பதிலாக ஒருவர் கிராமத்துக்கு வருவார். பாடசாலைப் பிள்ளைகளுக்கும் நமக்கும் இலங்கைப் போக்குவரத்துச் சபையின் பஸ்வண்டிகளிற் சலுகை விலையிற் பருவகாலச் சீட்டு வழங்கப்படுகின்றது. நாள்தோறும் பாடத்துக்குச் செல்பவர் நாள்தோறும் முழுக்காசு கொடுக்கலாகாது என்ற நியாயமே அதன் அடிப்படை. அதே நியாயம் சிகிச்சைத் துண்டோடு செல்லும் நோயாளிக்கும் துணைவருபவருக்கும் ஏன் பொருந்தாது? காப்புறுதியும், படுக்கை நாட்களை எண்ணுவதோடு நில்லாது, வைத்தியர் குறித்த அமர்வுகளை எண்ணக் கற்றுக்கொள்ள வேண்டும். கட்டணத்தைச் சிகிச்சை நிலையத்துக்கே நேரே செலுத்தவும் வேண்டும்.

இவை யாவும் அரசு செய்ய வேண்டியவை என்று கைகட்டி இருப்பதும் நமக்கு அழகன்று. கலைப்பீடத்தார் எலும்பையும் நரம்பையும் அறியோம்; மொழியை அறிவோம். இயன்மருத்துவர் நோயாளிக்குக் கொடுக்கும் பயிற்சித் தாள்களைத் தெளிந்த, எளிய தமிழிற் பெயர்த்து, மலையகப் பேச்சு வழக்கு அறிந்தவர்களைக் கொண்டு திருத்தி, பெரிய எழுத்தில் அச்சிட்டு, படங்களோடு வைத்தியசாலைகளுக்கு வழங்குவது நமது சங்கத்தின் ஆற்றலுக்கு அப்பாற்பட்ட காரியமன்று. இணைச் சுகாதார விஞ்ஞான பீடத்து மாணவர் பொருளைத் தரட்டும். நாம் சொல்லைத் தருவோம். தோள், முழங்கை, மணிக்கட்டு, விரல் என நான்கு தாள்களோடு தொடங்கினாலும் போதும். எழுத்தறியாதவருக்கு வாசித்துக் காட்டுவதற்கென, மாதத்தில் இரு காலைப் பொழுதுகளை ஒதுக்க முன்வரும் மாணவர் சிலரேனும் நம்மிடையே இல்லாமற் போகார். எதிர்வரும் பொதுக்கூட்டத்தில் இதனைப் பிரேரணையாகக் கொண்டுவர எண்ணியுள்ளேன். வழிமொழிய ஒருவர் வேண்டும்.